துலூஸ்-லோத்ரெக்கின் ‘மூலான் ரூஜ்’ சுவரொட்டி (1891): அந்த இரவு வெளிச்சத்தைக் கல்லச்சில் கொண்டுவருவது எப்படி?

ஈரக்கல்:

வணக்கம். பாரிஸின் மூலான் ரூஜ் நடனக்கூடத்துக்காக, அங்கே ஆடிய லா குல்யூவை நடுவில் வைத்து ஓவியர் ஆன்ரி த துலூஸ்-லோத்ரெக் 1891இல் செய்த ‘மூலான் ரூஜ் – லா குல்யூ’ சுவரொட்டியைக் கல்லச்சில் (லித்தோ: கல்லில் கொழுப்பு மையால் வரைந்து அச்செடுக்கும் முறை) பயிற்சிப் படியாக எடுக்கும் வேலை நடக்கிறது. மூலம் சுமார் 191 செ.மீ. உயரம், 117 செ.மீ. அகலம். மேலே உள்ள எழுத்துப் பட்டையை விட்டுவிட்டால் உயரம் 170 செ.மீ. அளவுக்கு வரும். பட்டறைக் கல்லுக்கு அடங்கும்படி 68 × 47 செ.மீ.க்குச் சுருக்கியிருக்கிறேன். கறுப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நான்கு மைகள், நான்கு கற்கள்.

சந்தேகங்கள் இவை:

சோதனைப் படியில் கூட்டத்துக்குப் பின்னால் நீலமும் கறுப்பும் போட்டு இரவைக் காட்டினேன். படம் மொத்தமும் மூடிக்கொண்டது, விளக்குகள் எரியவே இல்லை. மூலத்தில் இது எப்படி நடக்கிறது?

முன்னால் நிற்கும் தொப்பிக்காரரின் ஊதா கலந்த சாம்பல் நிறம் நான்கு மைக்குள் எப்படி வந்தது? தனிக் கல் உண்டா?

மையை எந்த வரிசையில் ஏற்றுவது?

இதோடு இன்னொன்று. பழம்பொருள் கடை ஒன்றில் இதே படம் 29 × 40 செ.மீ. அளவில் ‘1890கள், அசல் லித்தோ’ என்ற சீட்டோடு இருக்கிறது. அது அசலாக இருக்க முடியுமா?

மைக்கட்டி:

ஈரக்கல், பழி கறுப்பின் மேல் இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் நீங்கள் பூசிய இருட்டுதான் படத்தை மூடிவிட்டது. மூலத்தில் அந்த இடத்தில் மையே கிடையாது, வெறும் தாள். இரவு நேரத்து நடனக்கூடம் என்று நமக்குத் தெரிவதால் கண் தானாகவே இருட்டைத் தேடுகிறது. தாளில் தேடிப் பாருங்கள், இருண்ட வானமும் இல்லை, இருண்ட சுவரும் இல்லை.

அந்த நூற்றாண்டின் முற்பாதியில் இரவுக் காட்சியைக் கல்லில் செய்த முறை வேறு. ஒரு கல்லில் கறுப்புக் கோட்டு வரைபடம், இன்னொரு கல்லில் தாள் முழுக்கப் பரவும் மங்கிய சாயம். விளக்கு, நிலா, வாணவேடிக்கை வரவேண்டிய இடங்களில் மட்டும் சாயக்கல்லைக் கத்தியால் சுரண்டிவிடுவார்கள். அச்சடித்தால் அங்கே தாளின் வெண்மை பளிச்சிடும். ஊர்வலம், முடிசூட்டு விழா, தீப அலங்காரம் என்று அந்தக் காலத்தில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றில் இந்த உத்திதான். இருட்டை முதலில் போட்டுவிட்டு வெளிச்சத்தைத் தோண்டி எடுக்கும் வழி அது.

லோத்ரெக் இதைத் தலைகீழாக்கிவிட்டார். தாளே வெளிச்சம். அதன்மேல் கறுப்பை ஒரே ஒரு பட்டையாக, நிழலுருவக் கூட்டமாக, குறுக்கே நிறுத்தினார். உயரத் தொப்பிகளும் பெண்களின் இறகுத் தொப்பிகளும் வெறும் விளிம்புக் கோடாக நிற்கின்றன. உள்ளே முகம் இல்லை, மடிப்பு இல்லை. வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கும்போது மனிதர்கள் அப்படித்தான் தெரிவார்கள். ஆகவே இருட்டை அவர் கூடத்துக்குக் கொடுக்கவில்லை, வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் ஷா நுவார் விடுதியின் நிழற்கூத்து அந்த ஆண்டுகளில் பெயர்பெற்றிருந்தது. ஜப்பானிய மர அச்சுப் படங்களும் ஓவியர்களின் கைகளில் புழங்கின. இந்தத் தட்டையான கறுப்புக்கு இரண்டும் பங்களித்தன.

மற்ற அடுக்குகளை முன்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். முதலில் நீங்கள் கேட்ட தொப்பிக்காரர், லா குல்யூவோடு ஆடிய வாலந்தேன், பக்கவாட்டு முகத்தோடு, கீழ் விளிம்பில் வெட்டுப்பட்டு, சாம்பல் ஊதாவில். அடுத்து நடுவில் லா குல்யூ: புள்ளிச் சட்டை, சிவப்புக் காலுறை, தூக்கிய கால், சுற்றிலும் பாவாடை. மூன்றாவது அந்தக் கறுப்புக் கூட்டம். படத்தில் மிகவும் வெளிச்சமான இடம் பாவாடை. அங்கே வெள்ளை மை கிடையாது, சில கோடுகளுக்கு நடுவே விட்டுவைத்த தாள்தான். கறுப்புக் கூட்டத்துக்கு நேர் முன்னால் அது விழுவதால்தான் எரிகிறது. விளக்குகளும் இப்படித்தான். இடப்பக்கம் மஞ்சள் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அவற்றில் ஒளிவட்டமோ கதிரோ வரையப்படவில்லை. வெறும் தட்டை மஞ்சள், பக்கத்தில் தட்டைக் கறுப்பு. அதே மஞ்சள் அவளுடைய உச்சிக் கொண்டையிலும் வருவதால் கண் விளக்கிலிருந்து நேரே அவள் தலைக்குத் தாவுகிறது. தரைப்பலகைக் கோடுகள் சாய்ந்து உள்ளே ஓடி ஆழத்தைக் கொடுத்துவிடுகின்றன. அதனால் பின்னணியில் எதையும் வரைய வேண்டிய கட்டாயமே அவருக்கு இல்லை.

உங்கள் படியில் நீலத்தைப் பின்னணியிலிருந்து முழுமையாக எடுத்துவிடுங்கள். தூய வெள்ளைத் தாளும் வேண்டாம், சற்றே பழுப்பேறிய தாள் எடுங்கள். இன்று நாம் பார்க்கும் படிகளின் வெதுவெதுப்பில் ஒரு பகுதி தாளின் வயதால் வந்தது என்பது உண்மை. ஆனாலும் பளீர் வெள்ளையில் மஞ்சள் வெளிறிப்போகும்.

சாம்பலுக்குத் தனிக் கல் இல்லை. வாலந்தேன் மேல் வண்ணங்கள் துளித் தெளிப்பாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தள்ளி நின்று பார்த்தால் சாம்பலாகக் கலக்கின்றன. சிகாகோ கலை நிறுவனமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்களிடம் உள்ள படிகளின் பெரிய கோப்புகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. கோட்டுப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள், துளிகள் பிரிந்து தெரியும். ரவிவர்மா அச்சகம் 1894இல் தொடங்கி நம் வீடுகளுக்கு அனுப்பிய சாமி படங்களில் உடல்நிறத்தின் ஏற்ற இறக்கத்துக்காகக் கல்மேல் கல்லாக ஏற்றினார்கள். லோத்ரெக் நான்கோடு நிறுத்தியதற்கு அவருடைய துணிவு ஒரு காரணம், வேலையின் தன்மை இன்னொரு காரணம். சுமார் 3,000 படிகள், ஒவ்வொன்றும் பல தாள்கள், எல்லாம் தெருச்சுவருக்குப் போக வேண்டியவை.

இத்தனைக்கும் இதுதான் அவருடைய முதல் சுவரொட்டி. வயது 27. மூலான் ரூஜ் 1889 அக்டோபர் 6 அன்று திறந்தபோது சுவரொட்டி ஓவியர் ஜூல் ஷெரே செய்த சுவரொட்டிதான் சுவர்களில் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து உரிமையாளர்களில் ஒருவரான ஷார்ல் சிட்லேர் இந்த இளைஞரிடம் வேலையைக் கொடுத்தார்.

பிசின்நீர்:

மைக்கட்டி சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. செய்முறையை நான் எழுதுகிறேன்.

வரிசை: மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. வெளிர் மை முதலில் என்பது பொது வழக்கம். இந்தப் படத்தில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. விளக்குருண்டையைச் சுற்றிக் கறுப்புக்கல்லில் வெற்றிடம் விடுகிறீர்கள் அல்லவா, மஞ்சளை அந்த வெற்றிடத்தைவிட அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை வெளியே தள்ளி வரையுங்கள். கறுப்பு அதன்மேல் ஏறி விளிம்பை மூடிவிடும். இரண்டையும் மிகச் சரியாக ஒட்ட வரைந்தால், பதிவு (ஒரு மையின்மேல் அடுத்த மை சரியாகப் பொருந்துவது) மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் வெள்ளைக்கீற்று விழும். அப்புறம் விளக்கு விளக்காகத் தெரியாது, வெட்டி ஒட்டிய காகிதமாகத் தெரியும்.

நான்கு கல்லுக்கும் ஒரே வரைபடம்: கறுப்புக்கல்லை முதலில் வரைந்து, அதிலிருந்து ஒரு படி எடுத்து, மை ஈரமாக இருக்கும்போதே செங்காவிப் பொடியைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு மற்றக் கற்களின்மேல் கவிழ்த்து அழுத்துங்கள். காவியில் கொழுப்பு இல்லாததால் அது வழிகாட்டிக் கோடாக மட்டும் நிற்கும், அச்சில் வராது. மையை மிக மெல்லியதாக வைத்துப் படி எடுங்கள். தடிமனாக இருந்தால் காவிக்கு அடியிலுள்ள மைக்கொழுப்பு கல்லில் இறங்கிவிடும். எழுத்துகள் கல்லில் இடவலம் மாறி வர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கல்லைத் தேய்க்க: கார்பரண்டம் பொடி (எண் கூடக்கூடப் பொடி நைசாகும்) 80இல் தொடங்கி, 120, பிறகு 220. தெளிப்பு வேலைக்கு 220 வரை கட்டாயம் போக வேண்டும். சொரசொரப்பு மிஞ்சினால் நுண்துளிகள் பள்ளத்தில் பாதியும் மேட்டில் பாதியுமாக உடையும்.

தெளிப்பு: கூர்மையான விளிம்பு எப்படி வந்தது என்று பலர் குழம்புகிறார்கள். வாலந்தேனின் உருவத்துக்கு வெளியே உள்ள பகுதி முழுவதையும் கம் அரபிக் பிசின் கரைசலால் தூரிகைகொண்டு பூசிக் காயவிடுங்கள். பிசின் பூசிய கல்லில் கொழுப்பு மை பிடிக்காது. பிறகு பயமில்லாமல் தெளிக்கலாம், உருவத்துக்குள் விழுந்தது மட்டும் தங்கும். பிசின் பூசும்போது துளி சிதறி உள்ளே விழுந்தால் அந்த இடம் வெள்ளைப் பொட்டாகவே நிற்கும். ஆகவே தூரிகையைப் பாதி பிழிந்துவிட்டுப் பூசுங்கள்.

டூஷ் என்ற, கல்லில் வரையும் கொழுப்பு மையைக் காய்ச்சி வடித்த நீரில்தான் கரைக்க வேண்டும். சென்னை ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், மையிலுள்ள சோப்பு அதோடு சேர்ந்து திரிந்துவிடும். துளிகள் வட்டமாக விழாமல் தயிர்போலப் பிரிந்தால் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். பதம் பால் அளவுக்கு இருக்கட்டும். பல்துலக்கியை நனைத்து ஒரு முறை உதறிவிட்டு, கத்தி விளிம்பில் இழுங்கள். இன்னும் சீரான துளி வேண்டுமென்றால் கம்பி டீ வடிகட்டியின்மேல் தேய்க்கலாம். நெருங்கித் தெளித்தால் பெரிய துளி, தள்ளித் தெளித்தால் நுண்துளி. நீங்கள் மூலத்தை ஐந்தில் இரண்டு பங்காகச் சுருக்குகிறீர்கள், துளியும் அதே அளவுக்குச் சிறுக்க வேண்டும். மூலத்தில் 1 மி.மீ. இருந்த துளி உங்களுக்கு 0.4 மி.மீ. இதைக் கவனிக்காமல் விட்டால் சாம்பல் நிறம் வராது, அம்மைத் தழும்புதான் வரும்.

மூன்று வண்ணத் தெளிப்பையும் ஒரே அடர்த்தியில் போட்டால் சேறாகிவிடும். நீலம் அதிகம், சிவப்பு அதில் பாதி, மஞ்சள் பெயருக்கு. கறுப்புத் துளியை மடிப்பு விழும் இடங்களில் மட்டும் வையுங்கள்.

படத்தைக் கல்லில் நிலைக்கவைக்கும் அமிலக் கரைசல்: டூஷ் நன்றாகக் காய்ந்ததும் ரோசின் பொடி, பிறகு டால்க் தூவித் துடையுங்கள். கறுப்புக் கூட்டம்போன்ற முழுப்பூச்சுக்கு 30 மி.லி. கம் அரபிக்கில் நைட்ரிக் அமிலம் 10 முதல் 12 சொட்டு. தெளிப்புக்கு 5, 6 சொட்டுப் போதும். கல் மஞ்சளாக இருந்தால் இன்னும் குறையுங்கள், சாம்பல் கல் கடினமானது, கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பிசினில்தான் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கையுறையும் காற்றோட்டமும் அவசியம். 3 முதல் 5 நிமிடம் தூரிகையால் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள், பிறகு மெல்லிய துணியால் படலம் தெரியாத அளவுக்கு இழுத்துத் துடைத்து ஓர் இரவு விடுங்கள். நுரை பொங்கினால் அமிலம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அப்போது முதலில் போவது நுண்துளிகள்தான், அவை திரும்பி வரமாட்டா.

மறுநாள் பிசின் படலத்தின் மேலேயே டர்பன்டைன் விட்டு டூஷைக் கரைத்தெடுத்து, ஆஸ்பால்டம் (தார்க் கரைசல்) மெல்லிசாகத் தேய்த்துக் காயவிட்டு, நீரால் கழுவி, ஈரப்படலம் இருக்கும்போதே உருளையை ஓட்டுங்கள். நாலைந்து படி வந்து படம் நிலைத்ததும் இரண்டாவது முறை லேசான அமிலக் கரைசல் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

ஈரக்கல்:

இருவருக்கும் நன்றி. பின்னணியில் நீலத்தை எடுத்ததுமே கூட்டம் முன்னால் வந்துவிட்டது, பாவாடையும் எரிகிறது. இப்போது இரண்டு சிக்கல்கள். தெளிப்புப் பகுதி முதல் ஐந்தாறு படிகளில் தெளிவாக வருகிறது, அதற்குப் பிறகு துளிகள் ஒன்றாகி மூடிக்கொள்கின்றன. மூன்றாவது மையில் பதிவு 1 மி.மீ. வரை ஒரு பக்கமாக விலகுகிறது. மேல்பக்கம் சரியாக இருக்கிறது, கீழே போகப்போக விலகல் கூடுகிறது.

பிசின்நீர்:

துளி மூடுவதற்கு மை இளகலாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். மக்னீசியம் கார்பனேட் கொஞ்சம் சேர்த்துக் கெட்டியாக்குங்கள். மைத்தட்டில் கத்தியால் தூக்கினால் நூலாக நீளாமல் சட்டென்று அறுபட வேண்டும். உருளை ஓட்டும் வேகத்தையும் கவனியுங்கள்: மெதுவாக ஓட்டினால் மை கல்லில் இறங்கும், வேகமாக ஓட்டினால் கல்லிலிருந்து எழும்பும். ஒவ்வொரு படிக்கும் முதல் சில ஓட்டங்கள் நிதானமாக, கடைசி இரண்டு ஓட்டங்கள் சுருக்காக. ஏற்கெனவே மூடியிருந்தால் பிசின் பூசித் துடைத்து, டர்பன்டைனில் கழுவி, மறுபடி ஆஸ்பால்டத்திலிருந்து தொடங்குங்கள். கூடுதல் அமிலம் போட்டுத் திறக்கப் பார்த்தால் நல்ல துளிகளும் சேர்ந்து போய்விடும்.

மின்விசிறி நேரே கல்மேல் அடிக்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் ஒரு பக்கம் உருளை ஓடி முடிவதற்குள் மறுபக்கம் காய்ந்து அழுக்குப் பிடிக்கும். கல்லை ஈரமாக்கும் பஞ்சுநீரில் சில சொட்டுப் பிசின் கலந்தால் ஈரம் சற்று நிற்கும்.

பதிவு விலகல்: ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் விலகியும் இருந்தால் அது குறியின் பிழை இல்லை, தாள் நீண்டிருக்கிறது. தாள் ஈரம் குடித்தால் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே விரியும். எல்லாத் தாளையும் ஒரே இழைத்திசையில் வெட்டியிருக்கிறீர்களா? ஒரே கட்டிலிருந்து எடுத்து, அச்சடிக்கும் அறையிலேயே ஒரு நாள் பரப்பிவைத்து, நனைக்காமல் அச்சடியுங்கள். ஒருமுறை மை ஏறிய தாள்களை மறுநாள் வரை திறந்து போடாமல் பலகைக்கடியில் அடுக்கி பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். முதல் மை ஏற்றுவதற்கு முன் தாள்களை வெற்றுக்கல்லின்மேல் வைத்து ஒருமுறை பிரஸ்ஸில் ஓட்டிவிட்டால் நீள்வதற்குரியது முன்பே நீண்டுவிடும்.

தாள்நோக்கி:

29 × 40 செ.மீ. தாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த அளவே நிறையச் சொல்கிறது. பாரிஸில் ஷே அச்சகம் 1895 முதல் 1900 வரை புகழ்பெற்ற சுவரொட்டிகளைச் சிறிய அளவில் வண்ணக் கல்லச்சாக மாதந்தோறும் வெளியிட்டது. தாளின் அளவு ஏறக்குறைய இதுதான். மொத்தம் 256 படங்கள், அவற்றுள் லா குல்யூவும் ஒன்று. கீழ் மூலையில் மையில்லாத புடைப்பு முத்திரை இருக்கும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். விளிம்பில் ஷே அச்சகத்தின் பெயரும் படத்தின் எண்ணும் பொடி எழுத்தில் இருக்க வேண்டும். இவை இருந்தால் அது உண்மையான 19ஆம் நூற்றாண்டுக் கல்லச்சு, ஆனால் 1891 சுவரொட்டி இல்லை. அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். முத்திரை இல்லையென்றால் 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வாலந்தேனின் கோட்டின்மேல் வையுங்கள். கல்லச்சுத் துளிகளின் அளவும் இடைவெளியும் ஒழுங்கில்லாமல் இருக்கும். புள்ளிகள் வரிசை பிடித்துப் பூவிதழ்போல் வட்டம் கட்டி நின்றால் அது ஆஃப்செட் இயந்திர அச்சு, பின்னாளில் அடித்தது. சீட்டில் எழுதியதை நம்ப வேண்டாம்.

பெரிய அளவில் எப்போதாவது பார்க்க நேர்ந்தால்: அசல் ஒரே தாளில் இல்லை. இரண்டு பெரிய தாள்கள், மேலே எழுத்துக்கு ஒரு பட்டை. நடுவில் குறுக்கே ஒட்டு இருக்க வேண்டும், 170 செ.மீ. உயரம் ஒட்டே இல்லாமல் வந்தால் விலகிவிடுங்கள். மேல்பட்டை தொலைந்த படிகள் பல உண்டு, புதிதாகச் செய்து ஒட்டியவையும் உண்டு. பட்டையின் தாளும் கீழ்த்தாளும் ஒரே பழுப்பில் இருக்கின்றனவா என்று பின்பக்க வெளிச்சத்தில் பாருங்கள். அச்சிட்டவர் ஷார்ல் லெவி, முகவரி பாரிஸ் மார்த்தெல் தெரு 10. துணியில் ஒட்டியிருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம், சுவரொட்டித் தாள் மலிவானது, துணி இல்லாமல் மடிப்பில் முறிந்துவிடும்.

ஷே தாளை வாங்குவதாக இருந்தால் ஒரு வார்த்தை. நம் கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்பக்கம் சுவரைத் தொடாதபடி மூலைகளில் தக்கை வையுங்கள், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே அமிலமற்ற அட்டை இடைவெளி கொடுக்கட்டும். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் இருக்க வேண்டும். கடைக்காரர் ஏற்கெனவே ஒட்டுநாடாவால் பின்அட்டையில் ஒட்டியிருந்தால் நீங்களே பிய்க்கப் பார்க்காதீர்கள். பசை தாளுக்குள் ஊறியிருக்கும், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுத்து எடுப்பதுதான் சரி.